கடலில் இறக்கிய அரிசிக் கிண்ணம்

புக்கிட் பெருந்துங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் கொரிய மொழியில் வணக்கம் சொல்லாத இளசுகள் இப்போது குறைவு. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்ததும் குனிந்து அந்த மொழியில்தான் ஏதோ சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கவிதா ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். போன மாதம் ஒரு நாள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் கொரியாவின் ஏதோ ஒரு கடலோர ஊர்த் திருவிழா. படகுகளில் கொடிகள், கரையில் மேசை போட்டுப் படையல், வைக்கோலால் செய்த ஒரு சின்னப் படகைக் கடலுக்குள் இழுத்துப் போகிறார்கள்.

“அங்கிள், நீங்க கொரியாக்காரங்க கிட்ட வேலை செஞ்சீங்கதானே. இது என்னா பூஜை?”

“இத நான் கோல சிலாங்கூர்லயே பாத்துட்டேன் லா,” என்றேன். அவள் சிரித்தாள். கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்திருப்பாள். அந்தச் சிரிப்புதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

நான் தோட்டத்துப் பிள்ளை. தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்தேன், மூன்றாம் படிவம் வரை படித்தேன், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு எடுபிடியாக இருந்தேன், லோரி லைசன்ஸ் எடுத்தேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். எண்பதுகளில், கிழக்கைப் பாருங்கள், ஜப்பானையும் கொரியாவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கிழக்கே நாங்கள் பார்ப்பதற்குள் கிழக்கிலிருந்தவர்களே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். கோல சிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவில், கடல் தண்ணீர் தோட்டங்களுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் ஏறாமல் தடுக்க, கால்வாய் வாயில் ஒரு பெரிய தண்ணீர்க் கதவு கட்டினார்கள். ஒரு கொரியக் கம்பெனிதான் குத்தகை எடுத்திருந்தது. அங்கே நான் ஸ்டோர் கீப்பர். வேன் ஓட்டுவதும் நான்தான்.

எனக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. அடுத்தவன் எதைச் சாப்பிடுகிறான், எதைக் கும்பிடுகிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. அந்தக் குணத்துக்குச் சரியான இடத்தில் கொண்டுபோய் ஆண்டவன் என்னை வைத்தான்.

சைட் மேனேஜர் மிஸ்டர் ஹான். ஒல்லியான மனிதர். எங்கள் சேற்றிலும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துதான் போடுவார். சாயங்காலம் அவரே தேய்த்துக் கழுவிக் காய வைப்பார். சட்டைப் பையில் கடல் ஓதம் ஏறும் இறங்கும் நேரம் போட்ட சின்னப் புத்தகம் இருக்கும். காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அன்றைய ஓத நேரத்தை வாசிப்பார். கடைசியில் நிற்கிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் திட்ட மாட்டார். ‘எகெய்ன்’ என்பார், அவ்வளவுதான். சரியாகச் சொன்னாலும் பாராட்டு கிடையாது. அவருக்குத் தெரிந்த மலாய்ச் சொல் ஒன்றே ஒன்று, ‘செபாட்’. அதுவும் சீக்கிரம் சீக்கிரம் என்று ஆளை விரட்டத்தான். தமிழில் அந்த ஒன்றுகூட இல்லை. நான் சொல்லிக் கொடுக்கப் பார்த்தபோதெல்லாம், கதவு கட்டி முடிந்ததும் நான் போய்விடுவேன், எனக்கு எதற்கு என்று கேட்டார். என் பெயரையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்டோர்’.

தண்ணீரில் இறங்குவதற்கு அவர் வைத்திருந்த சட்டம் இது. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை ஒரு மனிதன் கையில் இருக்க வேண்டும், கம்பத்தில் கட்டக்கூடாது. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் தூக்கு. இறங்கும் முன் தன் பெயர் வெட்டிய பித்தளை வில்லையை என் ஸ்டோர்ப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், ஏறியதும் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பலகை காலியாக இருந்தால்தான் மிஸ்டர் ஹான் சப்பாத்தைக் கழற்றுவார்.

சீனப் புத்தாண்டு முடிந்து பௌர்ணமி வந்தது. சீனர்களுக்கு அது சாப் கோ மே. அதே பௌர்ணமியில் தங்கள் ஊர்களில் கடல் ராஜாவுக்குப் படையல் போடுவது வழக்கம், இங்கேயும் போடலாமா என்று கொரிய ஆட்கள் மிஸ்டர் ஹானிடம் போய்க் கேட்டார்கள். கடலுக்கு அடியில் ஒரு நாக ராஜா இருக்கிறாராம். அவரிடம் கேட்காமல் கடலில் வேலை செய்யக்கூடாதாம். மிஸ்டர் ஹானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சரி என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, செகிஞ்சானில் போய் ஒரு பன்றித் தலை வாங்கி வரச் சொன்னார். படையலுக்கு நடுவில் அதுதான் இருக்க வேண்டுமாம்.

சைட்டில் இருந்தது ஒரே வேன். மத்தியானம் அதே வேனில்தான் சாகுல் பாய் கடையிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு வரும். பாய் தமிழ்நாட்டுக் கடலோர ஊர்க்காரர், சாலை ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எங்கள் மலாய் ஆட்களும் அந்தச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள். அந்த வேனில் பன்றித் தலை ஏறினால் மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வர மாட்டார்கள் என்று மிஸ்டர் ஹானிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பன்றி இல்லாமல் வேறு என்ன வைப்பார்கள் என்று தன் ஆட்களைக் கேட்டார். வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீனும் மேசையில் உண்டு என்றார்கள். “ஃபிஷ் ஒன்லி,” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

தஞ்சோங் காராங்கில் ஒரு முழுக் கருவாடு வாங்கி வந்தேன். அவர்கள் ஊர்க் காய்ந்த மீனில் உப்பே இருக்காதாம். இதுவோ நாக்கில் வைத்தால் கண்ணில் நீர் வரும். கடலுக்கே ராஜாவாக இருக்கிறவருக்கு உப்புப் போட்டுக் கொடுத்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆட்கள் முணுமுணுத்தார்கள். சியோ என்கிற ஒருவன் மட்டும் சிரித்த முகமாகக் கருவாட்டுக்கு நூல் சுற்றினான். ஏதோ தீவிலிருந்து வந்தவன். சாகுல் பாயின் மீன் குழம்பை வேர்த்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவான். நூலைக் கட்டி முடித்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். மரியாதைக்குச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

செகிஞ்சான் வயல் வைக்கோலில் ஒரு படகு பின்னி, அதில் சோறும் துணி பொம்மையும் வைத்து, ஆளுக்கொரு கெட்டதை மனதில் நினைத்து ஏற்றி, ஓதம் இறங்கும் நேரம் பார்த்து இழுத்துப்போய் விட்டார்கள். வருடத்துப் பீடை எல்லாம் அதில் போய்விடுமாம். நானும் என் பல்வலியை ஏற்றி அனுப்பினேன். அது மட்டும் போகவில்லை.

பம்பு பொருத்துவதற்காக ஜப்பானிலிருந்து மிஸ்டர் மோரி வந்திருந்தார். கரையில் நின்று பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் இப்படி உண்டு என்றார். அவருடையதும் மீனவர் ஊர். இறந்தவர்கள் கோடையில் வீட்டுக்கு வந்து போவார்களாம். திரும்பிப் போகும் நாளில் காகித விளக்கில் பெயர் எழுதிக் கடலில் விடுவார்களாம். அந்த நாட்களில் யாரும் வலை போட மாட்டார்களாம். புதுப் படகு கட்டினால் பாய்மரத்தின் அடியில் ஒரு துளை போட்டு, பகடைக்காய், காசு, ஒரு பெண்ணின் தலைமுடி எல்லாம் வைத்து அடைத்துவிடுவார்களாம். பெரும்பாலும் படகுக்காரன் மனைவியின் முடி. படகின் உயிர் அந்தத் துளையில் இருக்கிறது என்றார். மிஸ்டர் ஹானும் அவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். நாட்டுக்கு நாடு பழைய கசப்பு. அன்று மட்டும் மிஸ்டர் ஹான், எஞ்சின் படகில் பாய்மரம் ஏது, முடியை எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். இடம் கண்டுபிடித்து வைத்துவிடுவோம் என்றார் மோரி.

சில மாதம் கழித்து, ஒரு காலையில், சுமத்ரா பக்கமிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கும் அந்தக் காற்று அடித்தது. கல் ஏற்றிய பார்ஜ் என்ற தட்டைப் படகு நங்கூரத்தை அறுத்துக்கொண்டு, பாதி கட்டிய கதவை நோக்கி வந்தது. அதன் மேல் இரண்டு பேர் இருந்தார்கள். கயிறு கட்ட நேரமில்லை. வில்லையை மட்டும் என் கையில் திணித்துவிட்டு ஓடிய சியோ, சைட் படகில் போய்ப் பார்ஜுக்குத் தாவி இரண்டாவது நங்கூரத்தை இறக்கினான். பார்ஜ் நின்றது. அந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். சியோவை அலை எடுத்துக்கொண்டது.

போலீஸ் படகு தேடியது, மீனவர்கள் தேடினார்கள், நாங்கள் பாக்காவ் என்ற அலையாத்தி மர வேர்களுக்குள் எல்லாம் நுழைந்து தேடினோம். கிடைக்கவில்லை. நான் மாட்டி வைத்த அவன் வில்லை ஸ்டோர்ப் பலகையில் தொங்கியது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு கொரிய ஆட்கள் என் கையால் தேநீர் வாங்குவதை நிறுத்தினார்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான். ராஜாவுக்குப் பன்றித் தலை கொடுக்கவில்லை, கருவாட்டைக் கொடுத்து ஏமாற்றினார்கள், அதனால் ஆளை எடுத்துக்கொண்டார் என்று பேச்சு. காற்றுக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க முடியவில்லை. உள்ளுக்குள் எனக்கே பயமாக இருந்தது. அவன் எனக்கும் சிநேகிதன்.

தேடுவதை நிறுத்திய பிறகு சியோவின் மனைவி வந்தாள். சின்ன உருவம், வலுவான முன்கை. தீவில் ஓதம் இறங்கியதும் சேற்றில் சிப்பி தோண்டுகிற வேலையாம். எங்கள் சைட்டுக்கு வந்த அன்றே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள். நாங்கள் முழங்கால் வரை புதைகிற இடத்தில் அவள் கணுக்காலோடு நடந்து போனதைப் பார்த்து மீனவர்களே வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

கம்பெனி அவளுக்குத் திரும்பிப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தது. அவள் போக மறுத்தாள். மிஸ்டர் ஹான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார், சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. கடலில் போனவனின் உயிர் குளிர்ந்த தண்ணீரிலேயே கிடக்கும், யாராவது தூக்கி எடுக்காவிட்டால் வீட்டுக்கு வழி தெரியாது, பிள்ளைகள் வருடா வருடம் வைக்கும் படையலும் அவனுக்குப் போய்ச் சேராது என்கிறாளாம். உடம்பு கிடைக்காவிட்டால் போகட்டும், ஆளைக் கூட்டிப் போகத்தான் வந்தேன் என்கிறாளாம். மூடியுள்ள பித்தளைக் கிண்ணத்தில் அரிசி போட்டு, வெள்ளைத் துணியில் கட்டி, அவன் போன இடத்தில் இறக்க வேண்டும். தூக்கிப் பார்க்கும்போது அரிசியில் ஒரு முடி இருந்தால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். இதெல்லாம் கிராமத்து வழக்கம் என்று முடித்தார் மிஸ்டர் ஹான். பட்டணத்தில் படித்த அவருக்கு என் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் வாய்க்கரிசி ஞாபகம் வந்ததால், எனக்கு அது அந்நியமாகவே படவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கொட்டகையில், பௌர்ணமிப் படையலில் என்ன வைத்தீர்கள் என்று அவள் ஆட்களைக் கேட்டாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து நீளமாகப் பேசினான். அது கொரிய மொழிதான். ஆனால் குற்றம் சாட்டும்போது எந்த மொழியும் விளங்கிவிடும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பதில் சொன்னாள். மிஸ்டர் ஹான் மெதுவாக எனக்குச் சொன்னார். அவர்கள் தீவில் கடல் சாமி ஒரு பாம்பு. பாம்புக்குப் பன்றி ஆகாது. அங்கே பன்றி வளர்ப்பதுமில்லை, படைப்பதுமில்லை. பன்றித் தலை வைத்திருந்தால் சியோ அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வந்திருக்க மாட்டான். எங்கோ தூர தேசத்தில் நம் வீட்டு முறைப்படி படையல் போட்டார்கள் என்று கடிதத்தில் மகிழ்ந்து எழுதியிருந்தானாம். அந்தக் கட்டைவிரல் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். நின்று பேசிய அந்த ஆள் பின்னாலேயே வந்தான். என் கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் கோல சிலாங்கூர்த் துணிக்கடையில் நீளமாக வெள்ளைத் துணி கேட்டேன். கடைக்காரர் யார் தவறியது என்று கேட்டு, முனையைக் கிழித்துக் கொடுத்தார். கிண்ணம் என் வீட்டுச் சாமி அறையிலிருந்து வந்தது. கொடுக்கும்போது என் மனைவி, “திருப்பித் தர வேணாம்னு சொல்லுங்க. அவங்களே வெச்சுக்கட்டும்,” என்றாள். சியோவைக் கூப்பிடும்போது மணி மாதிரி ஏதாவது அடிக்க வேண்டுமாம்; சத்தம் கேட்டால்தான் அவனுக்குத் திசை தெரியும். சாகுல் பாயிடம் அவருடைய பெரிய தாம்பாளத்தைக் கேட்டேன்.

“பூசைக்கெல்லாம் நான் வரலை தம்பி,” என்றார். தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் புள்ள என் கொழம்ப நல்லா சாப்புடுவான். சத்தமா அடி,” என்றார்.

நேரத்தை மிஸ்டர் ஹான் புத்தகத்தைப் பார்த்துக் குறித்தார். ஓதம் முழுசாக ஏறி, இறங்கத் தொடங்கும் முன் தண்ணீர் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரம். நம்பிக்கை இல்லாத காரியத்துக்கும் மனிதர் நேரம் தவறவில்லை. ஆ ஹோக் என்ற மீனவரின் படகில் போனோம். அவள், மிஸ்டர் ஹான், மிஸ்டர் மோரி, நான். சியோவின் பித்தளை வில்லையை அவள் கேட்டு வாங்கித் துணியின் முடிச்சில் கட்டினாள்.

கிண்ணம் இறங்கியது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுகை இல்லை, சாப்பாட்டு நேரத்தில் வாசலிலிருந்து கூப்பிடுகிற குரல். நான் தாம்பாளத்தை அடித்தேன். துணியைக் கையில் பிடித்தபடி, ஒரு இழுப்புக்குக் காத்திருப்பவளைப் போல அவள் நின்றாள். தூக்கிப் பிரித்து அரிசியை வெள்ளைக் காகிதத்தில் பரப்பி விரலால் தேடினாள். ஒன்றுமில்லை. புது அரிசி போட்டு மறுபடி இறக்கினோம். மறுபடியும் இல்லை. மிஸ்டர் ஹான் கடிகாரத்தைப் பார்த்தார். படகு மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது. ஓதம் இறங்கப் போகிறது. இன்று இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்த்துச் சொன்னது வேறு, நான் தினமும் காலையில் கேட்கிற சொல். “எகெய்ன்.”

மூன்றாம் முறை அரிசியைப் பரப்பியதும் அவள் விரல் நின்றது. ஒரு முடி. ஈரமாக, கருப்பாக, நீளமாக. அதுதான் விஷயம், ரொம்ப நீளம். சியோ தலையை ஒட்ட வெட்டியவன். அந்தப் படகில் அவ்வளவு நீள முடி ஒருவருக்குத்தான் இருந்தது. காற்றில் அது அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் மிஸ்டர் ஹானைப் பார்த்தேன், அவர் ஓதப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

அவளும் அதைப் பார்த்தாள். அவளுக்கா தெரியாது? முடியை விரலில் சுற்றிக்கொண்டு ஏதோ சொன்னாள். மிஸ்டர் ஹான் ஓதப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். பிறகு அவள் சொன்னதை எனக்குச் சொன்னார்: “என் முடியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறி வந்திருக்கிறார்.”

மிஸ்டர் மோரி தொப்பியைக் கழற்றினார். அவள் முடியையும் அரிசியையும் கிண்ணத்தில் போட்டு மூடிக் கட்டி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் இங்கே வந்ததிலிருந்து முதல் முறையாக அழுதாள்.

கரை ஏறும்போது ஆ ஹோக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலாயில் ஒரு விஷயம் சொன்னார். இறந்தவரைக் கூட்டிப் போகும்போது பாலம் வரும்போதெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் இந்தக் கரையிலேயே நின்றுவிடுவார்; என் அப்பாவுக்கு அப்படித்தான் பாலத்துக்குப் பாலம் சொன்னோம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டேன்.

சுபாங் விமான நிலையத்துக்கு வேனை நான்தான் ஓட்டினேன். பின்னால் அவள், மடியில் கிண்ணம். அவளுக்குப் பக்கத்தில் மிஸ்டர் ஹான். கோல சிலாங்கூர்ப் பாலம் வந்தது. கொரிய மொழி எனக்குத் தெரியாது, சியோவுக்கு மலாய் வராது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “சியோ, பாலம் வருது. வா.”

என்ன சொல்கிறாய் என்று மிஸ்டர் ஹான் கேட்டார். சொன்னேன். அவர் அவளிடம் சொன்னார். அவள் குனிந்து கிண்ணத்தைத் தட்டிக் கொடுத்தாள். ஜெராம் தாண்டி ஒரு சின்னப் பாலம்; வேகத்தைக் குறைத்துச் சொன்னேன். காப்பாருக்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் சொன்னேன். இது பாலமா வாய்க்கால் மதகா என்று சந்தேகம் வந்த இடங்களிலும் சொல்லி வைத்தேன். வழி தவறிவிட்டால் அவன் யாரைக் கேட்பான்?

கிள்ளானில் பெரிய பாலம். முன்னால் ஒரு லோரி குறுக்கே வந்துவிட்டது. பிரேக் பிடித்து, கியர் மாற்றி, திட்டிக்கொண்டே வேன் பாலத்தில் ஏறிவிட்டது. நான் மறந்தே போனேன். அப்போது பின்னாலிருந்து, இத்தனை காலத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூட வாயில் வைக்காத அந்த மனிதரின் குரல், காலையில் ஓத நேரம் வாசிப்பது போல நிதானமாகக் கேட்டது.

“சியோ, பாலம் வருது. வா.”